மாமா பாங்கு சொன்ன மழைக்காலம்

எங்கள் பஜாரில் மணி பார்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மணி கேட்கத் தெரியாதவர்கள் ஒருவருமில்லை. உங்களில் யாராவது எழுபதுகளில் சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்திருந்தால் இதைச் சொன்னதுமே தலையாட்டுவீர்கள். பள்ளத்தில் தேயிலை ஃபேக்டரியின் சங்கு ஊதும். மேட்டில், பஜார் முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட சின்னத் தொழுகைப் பள்ளியில் பாங்கு சொல்வார்கள். சங்கு வேலைக்குக் கூப்பிட்டது, பாங்கு தொழுகைக்குக் கூப்பிட்டது. இரண்டையும் கேட்டு நடந்தது ஊர் முழுவதும்தான்.

முஸ்லிம் வீடுகள் என்று பார்த்தால் விரலுக்குள் அடங்கும். கம்பம், உத்தமபாளையம், போடி என்று கீழேயிருந்து கடை வைக்க வந்த குடும்பங்கள். லயங்கள் என்ற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்கள் எல்லாம் இந்துக்களும் கிறிஸ்தவர்களும். ஆனாலும் விடியற்காலைச் சுபுஹு பாங்கு கேட்ட பிறகுதான் லயத்து அடுப்புகள் புகையும். பிற்பகல் அசர் பாங்கு காதில் விழுந்தால் கொழுந்து நிறுக்க நேரமாயிற்று என்று மலைச்சரிவிலிருந்து பெண்கள் கூடையோடு இறங்குவார்கள். மஃரிப் பாங்குக்கு விளக்கை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தேடுவார்கள். "பாங்கு சொல்லியாச்சு, இன்னும் என்னடி தெருவுல" என்று எங்களை வீட்டுக்கு விரட்டுகிற கங்காணியம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். கங்காணியின் மனைவி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த முதல் லயத்தில் குடியிருந்தார்.

ஒலிபெருக்கியெல்லாம் அப்போது எங்கள் பள்ளிக்கு வந்து சேரவில்லை. பாங்கு சொல்லும் மோதினார் வாசலில் இருந்த பாறைமேல் ஏறி நின்று, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு சொல்வார். வயதான மனிதர். தொழவைப்பதும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதும் அவர்தான். முதன்முதலில் வேலைக்கு வந்த அன்று பஸ்ஸில் "பள்ளிவாசலுக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டிருக்கிறார். கண்டக்டர் அவரை மூணாறுக்கு அந்தப்பக்கம், கரண்டு எடுக்கிற பள்ளிவாசல் என்ற ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். "எம்மாம் பெரிய பள்ளிவாசல், எம்மாம் பெரிய கொழாயி, தொழுக ஒரு ஆளக் காணோம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ரொட்டிக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் போர்மா. ரொட்டி சுடுகிற பெரிய செங்கல் அடுப்புக்கு அங்கே அதுதான் பெயர். ஆடி மாதத்தில் ஊரே ஈரச் சாக்கு மாதிரி இருக்கும்போது எங்கள் வீடு மட்டும் கதகதப்பாக இருக்கும். துணி துவைத்தால் கங்காணியம்மாவின் துணியும் எங்கள் போர்மா சுவரில்தான் காயும். புளித்த மாவின் வாசமும் சவுக்காரத்தின் வாசமும் கலந்த அந்த வாசத்தை எந்த ஊரிலும் பிறகு நான் முகர்ந்ததில்லை.

போர்மா மாமாவின் பொறுப்பில் இருந்தது. அம்மாவின் தம்பி. நீளக் காம்பு வைத்த மரத்துடுப்பால் தகர அச்சுகளை உள்ளே தள்ளுவதும், வெந்த ரொட்டியை வெளியே இழுப்பதும், மாவு பிசைவதும் அவர். சீனி தூவிய முதல் பன் எனக்கு. அதைக் கையில் வாங்காமல் பாவாடையில் ஏந்திக்கொண்டு ஓடுவேன், அவ்வளவு சூடு.

மாமாவுக்குப் பேச்சு திக்கும். சிறு வயதில் ஓதப்போன இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்களாம். அதிலிருந்து கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. வீட்டில் பேசத் தொடங்கினால் அம்மா முடித்துவைப்பாள். அவர் "த... த..." என்பார். அம்மா "தண்ணியா?" என்று செம்பை நீட்டுவாள். அவர் கேட்க வந்தது தராசாக இருக்கும். ஆனாலும் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, தானே எழுந்துபோய்த் தராசை எடுத்துக்கொள்வார்.

அந்த வருடம் அவருக்குப் பெண் பார்த்தார்கள். உத்தமபாளையத்தில் ஒன்று, தேவாரத்தில் ஒன்று. இரண்டையும் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். "தொரைக்குத் துபாய் போற நெனப்பு" என்றார் அத்தா. "எவளயோ மனசுல வச்சுக்கிட்டு இருக்கான்" என்றாள் அம்மா. கறிக்கடைக்காரர் ஒரே சொல்லில் "திமிரு" என்று முடித்தார். மாமாவைத் தவிர எல்லோரும் காரணம் சொன்னார்கள். அவரை யாரும் கேட்கவில்லை.

நோன்பு மாதம் அந்த வருடம் நல்ல மழைக்காலத்தில் வந்தது. அதற்கு முன்பே மோதினார் கம்பத்தில் இருந்த மகளைப் பார்த்துவிட்டு வருவதாக இறங்கிப்போனார். நோன்பு தொடங்கியதும் மைதா வாங்க அத்தா போடிக்குப் போனார். அவர் போன மறுநாள் போடிமெட்டுக்குக் கீழே மண் சரிந்து ரோடு அறுந்துபோயிற்று. மோதினாரும் அத்தாவும் கீழே. அம்மா நிறைமாதக் கர்ப்பிணி. பள்ளியில் பாங்கு சொல்ல ஆளில்லை.

தொழவைக்கிற பொறுப்பை ஜவுளிக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். பாங்கும் நானே சொல்கிறேன் என்று ஒரு மத்தியானம் பாறைமேல் ஏறினார். நன்றாகத்தான் போனது. நடுவில், 'தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது' என்று விடியற்காலைப் பாங்கில் மட்டும் வருகிற வாசகத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். நட்ட நடு மத்தியானம். கடைகளில் நோன்புக் களைப்பில் மாவு மூட்டைமேல் சாய்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். இறங்கி வந்தவரிடம் மளிகைக்கடைக்காரர், "எங்களப் பாத்துத்தான சொன்னீக" என்று கேட்டார். அதன்பிறகு ஜவுளிக்கடைக்காரர் பாறைப்பக்கம் போகவில்லை.

அடுத்தது கறிக்கடைக்காரர். ஆள் மாதிரியே குரலும் பெரிது, ஆனால் அது எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாது. அவர் முதல் வரியைத் தொடங்கியதும் பஜார் நாய்கள் எல்லாம் கூடவே ஊளையிட்டன. பக்தியான மனிதர், கண்ணை மூடிக்கொண்டு முடிக்கும்வரை விடவில்லை. அந்தச் சத்தமும் மழைக்குமேல் எழும்பாமல் பஜாரோடு நின்றுவிட்டது. எதிர்ச்சரிவு லயங்களுக்கு எட்டவில்லை. மேகம் மூடி சூரியனையே பார்க்காத நாட்கள் அவை. ஃபேக்டரியும் மழையில் பாதி நாள் ஓடவில்லை, சங்கும் இல்லை. பொழுது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. "ராத்திரிச் சோத்த அந்தியிலேயே தின்னுட்டுப் பிள்ளைக மறுபடி பசிக்கிதுன்னு ஒக்காந்துருக்குக" என்று கங்காணியம்மா சலித்துக்கொண்டார்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அம்மாவுக்கு வலி கண்டது. கங்காணியம்மா சாக்குக் கொங்காணியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடி, எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவைக் கூட்டிவந்தார். நர்ஸம்மா கோட்டயத்துக்காரர். பாதி மலையாளத்தில்தான் பேசுவார். என்னைப் போர்மா முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். மாமா மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து முடித்த மாவையே திரும்பத் திரும்பப் பிசைந்தார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. நர்ஸம்மா எட்டிப்பார்த்து, "பேடிக்கண்டா, ஆண்குட்டியா" என்றார். பயப்படாதே, பையன்தான் என்கிறார். தம்பி பிறந்துவிட்டான்.

எங்களில் பிள்ளை பிறந்தால் குளிப்பாட்டியதும் வலது காதில் பாங்கு சொல்ல வேண்டும். உலகத்தில் அது கேட்கிற முதல் வாசகம் அதுவாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அத்தா இல்லை, மோதினார் இல்லை.

"கறிக்கடக்காரரக் கூட்டியாரவா?" என்று கங்காணியம்மா கேட்டார்.

"வேணாம் மதினி, பிள்ள பயந்துரும்" என்றாள் அம்மா. பிறகு கதவுப்பக்கம் பார்த்து, "தம்பி, நீ வா" என்றாள்.

மாமா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நானும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "எ... எ... என்னால..." என்றார்.

வழக்கமாக அந்த இடத்தில் அம்மா முடித்துவைத்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "மெதுவாச் சொல்லு. பிள்ளைக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

நர்ஸம்மா துணியில் சுற்றிய தம்பியை மாமாவின் கையில் வைத்தார். மாமா மேற்கே திரும்பி நின்றார். குனிந்து அந்தச் சின்னக் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது. பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். மெல்லிய குரல். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு எழுத்துகூடத் திக்காமல் முழுப் பாங்கையும் சொன்னார். இடது காதுப்பக்கம் திருப்பி, தொழுகை தொடங்குமுன் சொல்கிற இகாமத்தும் சொன்னார். துணி பிழிந்துகொண்டிருந்த நர்ஸம்மா பிழிவதை நிறுத்திவிட்டார். தம்பி அழவில்லை, மாமாவின் மூக்கில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நான் பல வருடம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பிறந்த பிள்ளைக்குக் கண் தெரியாது என்று இப்போது சொல்கிறார்கள். இருக்கட்டும்.

அம்மா கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தாள். எந்தத் தம்பியை என்று என்னால் சொல்ல முடியாது.

கங்காணியம்மா அறிந்தது முதல் லயம் அறியும், முதல் லயம் அறிந்தது எஸ்டேட் அறியும். அடுத்த நாள் காலை கறிக்கடைக்காரரே வந்து போர்மா முன்னால் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, அல்லாவுக்காக இந்த நாய்க கிட்ட இருந்து என்னயக் காப்பாத்து" என்றார். மாமா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். முடியாது என்று அர்த்தம்.

அவர் போனபிறகு அம்மா, தம்பியை மடியில் போட்டுக்கொண்டு போர்மா சூட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "ஏன்டா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். முந்தின நாள் என்ன கண்டாளோ, பதிலுக்குக் காத்திருந்தாள். நான் பன்னைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

மாமா அன்று பேசியது மாதிரி நான் கேட்டதே இல்லை. வெகுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு சொல்லாக வந்தது. கூட்டத்தைப் பார்த்தால் தொண்டை பூட்டிக்கொள்கிறது என்றார். பெண்களை வேண்டாமென்றதும் அதனால்தான். நிக்காஹ் சபையில் மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் வாயால் 'கபூல்' என்று சம்மதம் சொல்ல வேண்டுமே. "அ... அந்த ஒரு வார்த்த எ... எனக்கு வராதுக்கா. பொ... பொண்ணு வீட்டுக்காரங்க மு... முன்னால நீ முடிச்சு வைக்க மு... முடியாதுல்ல."

துபாயும் இல்லை, மனதில் எவளும் இல்லை, திமிரும் இல்லை. அம்மா அழுதாள், பிறகு அழுதுகொண்டே சிரித்தாள். துணி காயப்போட வந்த கங்காணியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார் போலிருக்கிறது. "ஏ தம்பி, கூட்டத்தப் பாத்தாத்தான ஒனக்குப் பயம்? வெளிய வந்து பாரு. கூட்டம் எங்க நிக்கிது, பனிதான் நிக்கிது" என்றார்.

உண்மைதான். அன்று மூடுபனி எதிர்க்கடைப் பலகையைக்கூட மறைத்திருந்தது. மாமா வாசலுக்குப் போய் வெகுநேரம் அதைப் பார்த்தார். கையை நீட்டினால் கையே பாதிதான் தெரிந்தது. சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கு நடந்தார்.

நோன்புக் கஞ்சி வாங்க நான் தூக்குப்போணியோடு போயிருந்தேன். கஞ்சிக்கு எல்லாப் பிள்ளைகளும் வரும், லயத்துப் பிள்ளைகளும் வரும். பெரிய அண்டாவில் பூண்டும் வெந்தயமும் மணக்கும். வரிசையில் என் பின்னால் சர்ச் உபதேசியார் மகள் டம்ளரோடு நின்றாள். மாமா பாறையில் ஏறுவது ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. காதில் விரலை வைத்துக்கொண்டார். அப்படியே நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நான் போணியின் பிடியை இறுக்கிக்கொண்டேன்.

அப்போது குரல் எழுந்தது.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியாது. சத்தம் போட்ட மாதிரியே இல்லை, ஆனால் போய்க்கொண்டே இருந்தது. பஜாரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, எதிர்ச்சரிவில் மோதித் திரும்பிவந்தது. ஒரு வரி சொல்லி அவர் மூச்சு வாங்கும்போது மலை அதைத் திருப்பிச் சொல்லி முடித்தது. நாய்கள் சும்மா இருந்தன. எதிர்ச்சரிவுப் பக்கம் பனி கொஞ்சம் கிழிந்து, லயத்தில் ஒவ்வொரு விளக்காக மஞ்சளாகப் பூத்தது. அப்படியென்றால் கேட்டிருக்கிறது.

முடிகிற நேரத்தில் காற்று திரும்பிப் பனி கலைந்துபோயிற்று. மாமா கண்ணைத் திறந்தார். முன்னால் ஊரே நின்றது. கஞ்சி வரிசை, கடைக்காரர்கள், கொங்காணி போட்ட பெண்கள், கங்காணியம்மா. உள்ளே உட்கார்ந்தவர்களும் வாசலுக்கு வந்திருந்தார்கள், கையில் பழத்தோடு. நோன்பு திறக்க வேண்டும் என்பதையே மறந்து நின்றார்கள்.

மாமா காதிலிருந்து விரலை எடுத்தார். "எ... என்ன பாக்குறீக, நோ... நோன்பத் தொறங்க" என்றார்.

கறிக்கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். திக்கியதற்குச் சிரித்த சிரிப்பில்லை அது. அந்த வித்தியாசம் பிள்ளைகளான எங்களுக்கே தெரிந்தது.

அன்று இரவே அத்தா வந்து சேர்ந்தார். ரோடு சரியாகும்வரை காத்திராமல், கீழிருந்து சிலரோடு குறுக்குப் பாதையில் நடந்தே ஏறியிருக்கிறார். சொட்டச்சொட்ட நனைந்து உள்ளே வந்தவர் முதலில் கேட்டது, "புது மோதினாரு யாரு? எந்த ஊர்க்காரரு? அடிவளைவுல வரும்போதே கேட்டுச்சு, அப்பிடியே நின்னுட்டோம்" என்பதுதான். அம்மா கையிலிருந்த பிள்ளையை அதற்குப் பிறகுதான் பார்த்தார். பெண்டாட்டி பிள்ளை பெற்றதையும் மைத்துனன் பாங்கு சொன்னதையும் ஒரே மூச்சில் கேட்டு, எதற்கு முதலில் சந்தோஷப்படுவது என்று தெரியாமல், ஈரச் சட்டையோடு போர்மா முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மாதம் முழுக்க ஐந்து வேளையும் மாமாதான். ரோடு திறந்து மோதினார் திரும்பி வந்தார். வேலை போய்விடுமோ என்று அவர் வருந்துவார் எனப் பெரியவர்கள் இரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். அவரோ ஒரு பாங்கு கேட்டுவிட்டு, "சுபுஹு மட்டும் நீயே சொல்லிரு தம்பி. எனக்கு முழங்காலு குளுருக்குக் கேக்க மாட்டேங்குது" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

பெருநாள் கழிந்த கையோடு எதிர்ச்சரிவிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஃபேக்டரி லாரி ஓட்டுகிறவர், சின்னமனூர்க்காரர், அந்தப் பக்கம் இருந்த ஒரே முஸ்லிம் குடும்பம். மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு வந்திருந்தார். அத்தா நேர்மையான மனிதர். "மச்சானுக்குப் பேச்சு திக்கும், தெரியுமில்லீகளா?" என்று கேட்டார்.

"தெரியும்ங்க, வீட்டுலயும் சொன்னேன். எம்மக கேக்கணுமே" என்றார் லாரிக்காரர். "'அஞ்சு வேள கணக்காப் பேசுறாக, அது போதாதா. மத்த நேரம் மெதுவாப் பேசட்டும், எனக்கு என்ன பஸ்ஸா போகுது'ங்குறா."

நிக்காஹ் எங்கள் பள்ளியில் நடந்தது. நடத்திவைக்கப் போடியிலிருந்து ஹஜ்ரத் வந்திருந்தார். பெண்கள் பக்கத்து அறையில், துணித் திரைக்குப் பின்னால். மணப்பெண்ணை ஒட்டி நான் உட்கார்ந்திருந்தேன்; மல்லிகையும் மருதாணியும் மணக்க, என்னுடைய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஹஜ்ரத் கேட்க வேண்டியதைக் கேட்டார். "க..." என்று மாமாவின் குரல் வந்தது. "க... க..."

நின்றுவிட்டது. பாங்கு சொன்ன தொண்டைதான். ஆனால் இது ராகமில்லை, பேச்சு.

அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல் அவள் பல்லுக்குப் பின்னால் நின்று குதித்ததை நான் பார்த்தேன். திரை இடுக்கு வழியாகச் சபையையும் பார்த்தேன். கறிக்கடைக்காரர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற கங்காணியும் அசையவில்லை. ஒருவர்கூடச் செருமவில்லை, ஒருவர்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. எல்லோருக்கும் அன்று வேறு வேலையே இல்லாத மாதிரி இருந்தார்கள். மணப்பெண் என் காதில், "வரும், வரும்" என்றாள்.

வந்தது. "கபூல் செய்தேன்." முழுதாக, தெளிவாக.

ஹஜ்ரத் துஆ ஓதும் முன்பே கறிக்கடைக்காரர் எழுந்து மாமாவைக் கட்டிக்கொண்டார். பிரியாணிக்கு ஆடு போட்டவர் என்ற உரிமை.

கல்யாணத்தோடு மாமாவுக்குத் திக்குவது நின்றுவிடவில்லை. கடைசிவரை திக்கியது. ஆனால் மாமி ஒரு நாளும் அவர் பேச்சை முடித்துவைத்தது கிடையாது. அதனால் அவர்கள் சண்டை போட்டால் அது பெரிய வைபவம். மாமி படபடவென்று தன் பக்கத்தைக் கொட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ம், இப்ப நீங்க சொல்லுங்க" என்று நிற்பார். மாமா தன் பக்கத்தைச் சொல்வார், ஒவ்வொரு சொல்லாக. அவர் முடிக்கும்வரை மாமி இமைக்காமல் கேட்பார். அதற்குள் பாதி மத்தியானம் போய்விடும். எதற்காகத் தொடங்கியது என்று இரண்டு பேருக்குமே மறந்து சிரிப்பு வந்துவிடும். போர்மாவில் ரொட்டி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

அந்த வருடங்களில் எங்கள் பஜாரில் அடி கருகிய ரொட்டி வாங்கித் தின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால், காரணம் இதுதான்.